ரைன் கரையில் கூட்டுக் குழந்தைகள் காப்பகம்: தனி அமைப்பு வேண்டுமா, ஒப்பந்தம் போதுமா?

வாசகர் கேள்வி:

பிரான்சின் அல்சாஸ் பகுதியில், ரைன் நதியோரத்தில் உள்ள ஒரு சிறிய கம்யூனில் (ஊராட்சியில்) முதல் முறையாக நகரசபை உறுப்பினராகியிருக்கிறேன். அக்கரையில் உள்ள ஜெர்மன் ஊரோடு சேர்ந்து எங்கள் நிலத்தில் 40 குழந்தைகளுக்கான காப்பகம் ஒன்றைக் கட்டப் பேச்சு நடக்கிறது. 24 இடம் எங்களுக்கு, 16 இடம் அவர்களுக்கு. "ஐரோப்பியப் பணம் வேண்டுமென்றால் இரண்டு ஊரும் சேர்ந்து இ.ஜி.டி.சி. என்ற கூட்டமைப்பைத் தொடங்கியே ஆக வேண்டும்" என்று ஆலோசனை நிறுவனம் சொல்கிறது. மேயருக்கும் அதில் ஆசை. எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? ஜெர்மன் பணியாளர்களை வேலைக்கு வைக்கலாமா? சபையில் கை தூக்குவதற்கு முன் நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்:

இ.ஜி.டி.சி. (ஐரோப்பியப் பிராந்திய ஒத்துழைப்புக் கூட்டமைப்பு) கட்டாயம் இல்லை. நீங்கள் சொல்லும் அளவுக்கு அது தேவையும் இல்லை. ஒரு கட்டடம், ஒரு நடத்துநர், இரண்டு ஊர்கள் என்றால் ஒழுங்காக எழுதிய ஓர் ஒத்துழைப்பு ஒப்பந்தமே போதும். ஸ்ட்ராஸ்பூர்க்கின் ரைன் துறைமுகப் பகுதியில் 2014-இல் திறந்த பிரெஞ்சு-ஜெர்மன் காப்பகத்தில் 60 இடங்கள். அவற்றை ஸ்ட்ராஸ்பூர்க்கும் அக்கரையில் உள்ள கேல் நகரமும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்தக் காப்பகத்தை உங்கள் அதிகாரிகள் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து, அதன் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குவது நல்லது.

பணத்தைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் உண்மை. எல்லைப்புறத் திட்டங்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்டர்ரெக் நிதிக்கு குறைந்தது இரண்டு நாட்டுக் கூட்டாளிகள் வேண்டும். திட்டத்தைச் சேர்ந்தே வகுத்து, சேர்ந்தே நடத்த வேண்டும். அதோடு பணியாளரையோ செலவையோ பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு நகரசபைகள் கூட்டாளிகளாகி, ஒன்று தலைமைக் கூட்டாளியாக நின்றாலே இதெல்லாம் நிறைவேறிவிடும். இ.ஜி.டி.சி. போன்ற எல்லை தாண்டிய அமைப்பு தனி ஆளாகவே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. அதைத்தான் யாரோ "கட்டாயம்" என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நிதி செலவு செய்த பிறகு, கணக்கு சரிபார்த்த பின்னரே வரும் என்பதை உங்கள் நிதிப் பொறுப்பாளர் மறக்கக் கூடாது. கட்டட ஒப்பந்தக்காரருக்கு முதலில் பணம் கொடுக்கப்போவது நீங்கள்தான்.

இனி சட்டம். மூன்று அடுக்குகள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான கூட்டங்களில் நேரத்தைத் தின்கிறது.

மேலே இருப்பது ஐரோப்பிய கவுன்சிலின் (இது ஐரோப்பிய ஒன்றியம் அல்ல, வேறு அமைப்பு) மாட்ரிட் உடன்படிக்கை. 1980 மே 21-இல் கையெழுத்தானது. இது அரசுகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. "எல்லையோர உள்ளாட்சிகள் பேசிக்கொள்வதைத் தடுக்காமல் வசதி செய்து கொடுங்கள்" என்பதே அதன் சாரம். இதைக் காட்டி ஒரு நகரசபை நேரடியாக ஒப்பந்தம் போட முடியாது. 1995-இல் வந்த கூடுதல் நெறிமுறைதான் உள்ளாட்சிகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை உண்டு என்பதைத் தெளிவாக எழுதியது.

உங்களுக்கு வேலைக்கு ஆவது நடு அடுக்கு. பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க், சுவிட்சர்லாந்து ஆகிய நான்கு நாடுகள் 1996 ஜனவரி 23-இல் செய்துகொண்ட கார்ல்ஸ்ரூ ஒப்பந்தம் அது. 1997 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. அல்சாஸின் கம்யூன்களும், எதிர்க்கரையில் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் ஊர்களும் இதற்குள் வருகின்றன. பாரிஸ், பெர்லின் பக்கம் போகாமல் இரண்டு நகரசபைகளும் தங்களுக்குள் நேரடியாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். தனி அமைப்பு வேண்டுமென்றால் அதற்கும் இதிலேயே ஒரு வடிவம் உண்டு. 'உள்ளூர் எல்லைப்புற ஒத்துழைப்புக் கூட்டமைப்பு' என்று பெயர், பிரெஞ்சில் சுருக்கமாக ஜே.எல்.சே.தே. கேலில் எல்லைப்புற நிர்வாகப் பயிற்சி தரும் யூரோ இன்ஸ்டிடியூட் இந்த வடிவத்தில்தான் இயங்குகிறது.

மூன்றாவது அடுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு 1082-ஆம் எண் ஒழுங்குவிதி, 2013-இல் திருத்தப்பட்டது. இ.ஜி.டி.சி. இங்கிருந்துதான் வருகிறது. உங்கள் ஊர்க் காகிதங்களில் ஜே.எ.சே.தே. என்றும், ஜெர்மன் காகிதங்களில் ஈ.ஃபௌ.டே.செட். என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றே. முதல் இ.ஜி.டி.சி. 2008 ஜனவரியில் லீல், கோர்ட்ரிக், தூர்னே நகரங்களைச் சுற்றி, பிரான்ஸ்-பெல்ஜியம் எல்லையில் அமைந்தது.

இ.ஜி.டி.சி. தொடங்குவதென்றால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அமைப்பு ஒப்பந்தம், உள்விதிகள் என்று இரண்டு ஆவணங்கள் எழுத வேண்டும். ஒவ்வோர் உறுப்பினரும் தன் அரசுக்கு அறிவிக்க வேண்டும். முழுமையான விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து அரசுக்கு ஆறு மாதம் அவகாசம். அதற்குள் எதிர்ப்பு வராவிட்டால் ஒப்புதல் என்று பொருள். ஆனால் அமைப்பின் பதிவுபெற்ற தலைமையிடம் எந்த நாட்டிலோ, அந்த நாடு மட்டும் எழுத்தில் ஒப்புதல் தந்தாக வேண்டும். மௌனம் அங்கே செல்லாது. பிறகு பதிவு அல்லது வெளியீடு, 10 வேலை நாளுக்குள் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிராந்தியங்கள் குழுவுக்கு அறிவிப்பு. அப்புறம் ஒரு பேரவை, ஓர் இயக்குநர், ஆண்டு பட்ஜெட், கணக்குத் தணிக்கை. தலைமையிடம் பிரான்சில் என்றால், ஒழுங்குவிதி பேசாத இடங்களில் பிரான்சின் 'திறந்த கலப்புக் கூட்டமைப்புகளுக்கான' (உள்ளாட்சிகளும் பிற பொது அமைப்புகளும் சேர்ந்து அமைப்பவை) விதிகள் பொருந்தும். இயக்குநர் சம்பளமும் செயலகச் செலவும் 40 குழந்தைகளின் தலையில்தான் விழும். கடன் பொறுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அமைப்பின் சொத்து போதாவிட்டால் மீதியை உறுப்பினர்கள் தங்கள் பங்களிப்பு விகிதப்படி தர வேண்டும். பொறுப்பை வரையறுக்க வழி உண்டு என்றாலும் அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன.

இ.ஜி.டி.சி. எங்கே பொருந்தும் என்பதற்கு பைரனீஸ் மலையில் உள்ள செர்தான்யா மருத்துவமனை நல்ல சாட்சி. ஸ்பெயின் பக்கம் புய்க்சர்தாவில் இருக்கிறது. 2010-இல் அமைப்பு, 2014-இல் திறப்பு. செலவு கத்தலோனியாவுக்கு 60 சதவீதம், பிரான்சுக்கு 40 சதவீதம். இரண்டு நாட்டு மருத்துவர்கள், இரண்டு நாட்டு காப்பீடு, நிரந்தரப் பட்ஜெட் என்று இருக்கும்போது தனக்கென்று பெயரும் கையெழுத்தும் உள்ள ஓர் அமைப்பு வேண்டும். அங்கேயும் அமைப்பு வந்ததால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பிரெஞ்சுத் தாய்க்கு அங்கே பிறக்கும் குழந்தை சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த குழந்தை. அந்தப் பிறப்புப் பதிவு இ.ஜி.டி.சி.யின் கையில் இல்லை, அரசுகளின் கையில் இருக்கிறது.

உங்கள் கேள்வியின் உயிர்நாடி இங்கேதான். ஒப்பந்தமோ கூட்டமைப்போ இ.ஜி.டி.சி.யோ எதுவாக இருந்தாலும் அது வெறும் பாத்திரம். உள்ளே இருக்கும் குழந்தைகள் காப்பகச் சட்டத்தை எந்தப் பாத்திரமும் மாற்றாது. கட்டடம் பிரெஞ்சு மண்ணில் நிற்கிறது என்றால் தீயணைப்பு விதி, இட அளவு, பணியாளர் எண்ணிக்கை, சேர்க்கை எல்லாம் பிரெஞ்சு விதிதான். கண்காணிப்பு தாய்-சேய் நலச் சேவையான பே.எம்.ஈ.யுடையது. ஜெர்மன் கூட்டாளி எவ்வளவு பணம் போட்டாலும் இது மாறாது.

தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் 2018 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்த குழந்தை காப்பகத்தில் சேர 11 நோய்களுக்கான தடுப்பூசி கட்டாயமாக இருந்தது. 2025 முதல் மூளைக்காய்ச்சல் வகைகள் சேர்ந்து பட்டியல் நீண்டிருக்கிறது. ஜெர்மனியில் 2020 மார்ச்சிலிருந்து கட்டாயம் என்பது தட்டம்மை ஒன்றுக்கு மட்டுமே. மற்றவை பரிந்துரைதான். ஆகஸ்ட் இறுதியில் ஒரு ஜெர்மன் தாய் மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தோடு வருவார். ஹெபடைடிஸ் பி பக்கம் காலியாக இருக்கும். பிரெஞ்சு விதிப்படி குழந்தையைத் தற்காலிகமாகச் சேர்த்து, மூன்று மாதத்துக்குள் போட வைக்கலாம். மறுத்தால் இடம் போகும். அப்போது அந்த இடத்துக்கான ஜெர்மன் ஊரின் பங்கைத் தருவது யார்? ஒப்பந்தத்தில் இது எழுதப்படாவிட்டால், சண்டை மேயர் அறைக்கு வரும். ஜெர்மன் ஊர் தன் பெற்றோருக்கு அனுப்பும் முதல் கடிதத்திலேயே பிரெஞ்சுப் பட்டியலை ஜெர்மனில் வைத்துவிடுவதுதான் மலிவான தீர்வு.

பணியாளர் கணக்கையும் இப்படியே கையில் போட்டுப் பாருங்கள். பிரான்சில் நடக்காத குழந்தைகள் 5 பேருக்கு ஒருவர், நடக்கும் குழந்தைகள் 8 பேருக்கு ஒருவர். அல்லது வயது பாராமல் 6 பேருக்கு ஒருவர். 15 பேர் தவழ்பவர்கள், 25 பேர் நடப்பவர்கள் என்று வைத்தால், 40 பேரும் இருக்கும் நேரத்தில் எந்த வழியில் கணக்கிட்டாலும் 7 பெரியவர்கள் வேண்டும். காலை 7.30 முதல் மாலை 6.30 வரை திறந்தால் வாரம் 55 மணி நேரம். 35 மணி வேலை வாரத்தில், காலை மாலை ஓரங்களில் ஆள் குறைத்தாலும் விடுப்பு, நோய், பயிற்சி சேர்த்து 11-12 முழுநேரப் பணியிடம் ஆகும். ஆலோசனை நிறுவனத்தின் பட்ஜெட்டில் 8 என்று இருந்தால் அந்தத் தாளைத் திருப்பி அனுப்புங்கள்.

ஜெர்மன் பணியாளரைத் தாராளமாக வைக்கலாம். வைக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் இரு மொழி என்பது வாசல் பலகையோடு நின்றுவிடும். ஆனால் பிரெஞ்சு விதி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரில் குறைந்தது 40 சதவீதம் குறிப்பிட்ட சில டிப்ளோமா வைத்திருக்க வேண்டும் என்கிறது. 12 பேரில் 5 பேர். ஜெர்மனியின் 'எர்ட்சீஹெரின்' (குழந்தைப் பராமரிப்பாளர்) படிப்பு தரமானது, ஆனால் பிரான்சில் முறைப்படி அங்கீகாரம் வாங்கும் வரை இந்த 40 சதவீதத்தில் அதை எண்ண மாட்டார்கள். வேலைக்கு எடுத்த பிறகு அங்கீகாரம் தேடினால் பே.எம்.ஈ. ஆய்வு வரும் நாளில் எண்ணிக்கை இடிக்கும். நியமனக் கடிதத்துக்கு முன்பே அந்தக் கோப்பைத் தொடங்குங்கள்.

சமூகப் பாதுகாப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. கேலில் குடியிருந்து உங்கள் காப்பகத்தில் மட்டும் வேலை செய்பவருக்குப் பிரெஞ்சு முறை. அவரே வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ ஜெர்மனியில் வேறு வேலை பார்த்து, அது மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தொட்டால், ஒப்பந்தப் பணியாளர் என்ற நிலையில் பொதுவாக ஜெர்மன் முறைக்குப் போய்விடுவார். உங்கள் கம்யூன் ஜெர்மன் காப்பீட்டு நிறுவனத்தில் பதிவு செய்து அங்கே சந்தா கட்ட நேரும். எனவே ஒவ்வொரு நியமனத்திலும் "வேறு வேலை உண்டா" என்று எழுத்தில் கேளுங்கள், எந்த நாட்டுச் சமூகப் பாதுகாப்பு பொருந்தும் என்று காட்டும் ஏ1 சான்றிதழைக் கோப்பில் வையுங்கள். வருமான வரியிலும் எச்சரிக்கை தேவை: 1959-ஆம் ஆண்டின் பிரெஞ்சு-ஜெர்மன் வரி உடன்பாட்டில் எல்லைத் தொழிலாளருக்கு ஒரு விதி, பொது அமைப்பு தரும் சம்பளத்துக்கு வேறு விதி. இரண்டாவது விதி பணியாளரின் குடியுரிமையைப் பொறுத்தும் மாறும். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் வெவ்வேறு நாட்டில் வரி கட்டலாம். எல்லைப்புற மக்களுக்கு இலவச ஆலோசனை தரும் இன்ஃபோபெஸ்ட் நிலையங்களுக்கு இந்தக் கேள்வி தினசரிச் சோறு. அங்கே அனுப்புங்கள்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். எந்த நாட்டுச் சட்டம் என்று அதில் எழுதியாக வேண்டும், கார்ல்ஸ்ரூ ஒப்பந்தமே அதைக் கேட்கிறது. கட்டடமும் நடத்துநரும் பிரான்சில் இருக்கும்போது பிரெஞ்சுச் சட்டத்தைத் தேர்வதுதான் புத்திசாலித்தனம். ஜெர்மன் தரப்பு கௌரவப் பிரச்சினையாக்கினால், சமரசப் பேச்சுக்கான படியை நீதிமன்றத்துக்கு முன் வைத்துக் கொடுங்கள். இரண்டு மொழியும் சமமாகச் செல்லும் என்று எழுதுவதும் வழக்கம், ஆனால் அங்கே ஒரு வார்த்தைப் பள்ளம் உண்டு. பிரெஞ்சில் 'டெலெகாசியோன்' என்றால் பொதுச் சேவையின் நிர்வாகத்தை ஒரு நடத்துநரிடம் ஒப்படைப்பது. பொறுப்பு நகரசபையிடமே இருக்கும். ஜெர்மன் உள்ளாட்சிச் சட்டத்தில் 'டெலெகாட்சியோன்' என்றால் பணியே, பொறுப்போடு சேர்ந்து, கைமாறிவிடும். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒன்றாக வைத்தால் இரண்டு ஊரும் இரண்டு வேறு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கும். அந்தச் சொல்லையே தவிர்த்து, யார் என்ன செய்வார், யார் பொறுப்பு என்று வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் வைக்கவே கூடாதவையும் உண்டு. காவல் அதிகாரம், விதி இயற்றும் அதிகாரம், மேயர் அரசின் முகவராகச் செய்யும் பிறப்பு-திருமணப் பதிவு போன்றவை, இவற்றைக் கைமாற்ற முடியாது. காப்பகத்துக்கு இது பெரிதாகத் தடையில்லை, வாசலில் வண்டி நிறுத்தும் தடையை இரு ஊரும் சேர்ந்து போடுகிறோம் என்று யாராவது ஆர்வத்தில் எழுதாத வரைக்கும்.

கொள்முதல் சட்டம்தான் சத்தமில்லாமல் கவிழ்க்கும். ஜெர்மன் ஊர் உங்களுக்குப் பணம் தருகிறது, நீங்கள் இடம் தருகிறீர்கள் என்று மட்டும் இருந்தால், அது சேவையை விலைக்கு வாங்குவது, டெண்டர் விட்டிருக்க வேண்டும் என்று ஒரு தனியார் காப்பக நிறுவனம் வழக்குப் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு 24-ஆம் எண் கொள்முதல் டைரெக்டிவ் (நெறிக்கட்டளை) 12-ஆம் பிரிவில் அரசு அமைப்புகளுக்கு இடையிலான ஒத்துழைப்புக்கு விலக்கு தருகிறது. நோக்கம் பொதுவாக இருக்க வேண்டும், பொது நலன் மட்டுமே வழிநடத்த வேண்டும், அந்த வேலையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே வெளிச்சந்தைக்குப் போக வேண்டும். ஐரோப்பிய நீதிமன்றம் 2020 ஜூன் 4-இல் ரெமோண்டிஸ் வழக்கில், வெறுமனே செலவைத் திருப்பிக் கொடுப்பது ஒத்துழைப்பு ஆகாது என்று சொல்லிவிட்டது. அதனால் கூட்டுக் கல்வித் திட்டம், கூட்டுச் சேர்க்கைக் குழு, ஜெர்மன் ஊர் அனுப்பும் பணியாளர்கள் என்று இரு தரப்பின் உழைப்பும் காகிதத்தில் தெரிய வேண்டும்.

பணப் பங்கீட்டில் "குழந்தை விகிதப்படி" என்று மட்டும் எழுத விடாதீர்கள். ஒதுக்கிய இடமா, வந்த குழந்தையா? ஒரு பேச்சுக்கு, பெற்றோர் கட்டணமும் மானியமும் போக ஆண்டுக்கு 3 லட்சம் யூரோ துண்டு விழுகிறது என்போம். ஒதுக்கிய இடப்படி உங்களுக்கு 1,80,000, அவர்களுக்கு 1,20,000. ஓர் ஆண்டு ஜெர்மன் பக்கம் 12 குழந்தைகளே வந்தால், வருகைப்படி அவர்களுக்கு 1 லட்சம், உங்களுக்கு 2 லட்சம். சம்பளச் செலவு குறையவில்லை, சுமை மட்டும் 20,000 யூரோ இக்கரைக்கு நகர்ந்துவிட்டது. ஒதுக்கிய இடப்படி என்று எழுதி, காலி இடத்தைக் குறிப்பிட்ட தேதிக்குப் பின் மறு ஊர் எடுத்துக்கொள்ளலாம், எடுத்தால் அதற்கான பங்கையும் அதுவே கட்டும் என்று சேருங்கள்.

பிரிவையும் இப்போதே எழுதுங்கள். கட்டடத்துக்கு ஜெர்மன் ஊர் 4 லட்சம் போட்டு, 20 ஆண்டுத் தேய்மானம் என்று ஒத்துக்கொண்டால், 8 ஆண்டு முடிந்து விலகும்போது மிச்ச மதிப்பு 2,40,000. விலகுபவருக்கு அதை ரொக்கமாகத் தர ஒரு சிறு கம்யூனுக்குச் சக்தி இருக்காது. குறைந்தது ஓராண்டு முன்னறிவிப்பு, அந்த இடங்கள் நிரம்பினால் மட்டும் பல தவணையில் திருப்பித் தருவது என்பது இரு தரப்பும் தாங்கக்கூடிய ஏற்பாடு.

ஒப்பந்தத்தால் தீராத சட்ட முட்டுக்கட்டை வந்தால், உதாரணமாக டிப்ளோமா அங்கீகாரம் இழுத்துக்கொண்டே போனால், கதவுகள் இரண்டு. 2019-ஆம் ஆண்டின் ஆகன் உடன்படிக்கை அமைத்த பிரெஞ்சு-ஜெர்மன் எல்லைப்புற ஒத்துழைப்புக் குழு ஒன்று. 2025-இல் வந்த பிரிட்ஜ்-ஃபார்-ஈ.யூ. ஒழுங்குவிதிப்படி முட்டுக்கட்டையை விவரித்துக் கோப்பு கொடுப்பது மற்றொன்று. இரண்டிலும் அரசு தடையை நீக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திறப்பு விழாத் தேதியை இவற்றை நம்பி அச்சடிக்க வேண்டாம்.

கடைசியாக வரிசை. முதலில் நகரசபைத் தீர்மானம். அதில் ஒப்பந்த வரைவு இணைக்கப்பட்டிருக்க வேண்டும், "மேயர் பேசி முடிப்பார்" என்று வெற்றுக் காசோலை தராதீர்கள். அடுத்து தீர்மானம் பிரெஃபெக்சருக்கு (உங்கள் பகுதியில் பிரெஞ்சு அரசின் பிரதிநிதி அலுவலகம்) போய்ச் சேர வேண்டும், பெற்றுக்கொண்ட சான்று கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகே கையெழுத்து. கையெழுத்தான ஒப்பந்தமும் பிரெஃபெக்சருக்குப் போன பிறகுதான் அமலுக்கு வரும். சபை கூடிய அதே இரவில், அக்கரை மேயரை அழைத்து, கேமரா முன் கையெழுத்திட்டு, தீர்மானத்தை மறுநாள் அனுப்பும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்தக் கையெழுத்து போடும் நேரத்தில் மேயருக்கு அதிகாரமே வந்திருக்காது. பின்னால் யாராவது வழக்குப் போட்டால் முதலில் பிடுங்கும் செங்கல் அதுவாகத்தான் இருக்கும். ஜெர்மன் ஊரின் சபையும் தன் தீர்மானத்தைத் தன் மேற்பார்வை அலுவலகத்திடம் காட்ட வேண்டியிருக்கும், அதற்கான நாளையும் கேட்டுக்கொண்டு, விழாவை இரண்டு வாரம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.